முட்புதர் என்று நாம் அழைத்த காடு



இந்த வாரச் சிந்தனையை ஒரு பாவ அறிக்கையோடு தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்துமஸ் நெருங்கிய நாட்களில், நம் ஆலயத்தின் பின்புறத்திலுள்ள நிலத்தைச் சுத்தம் செய்யச் சொன்னவன் நான்தான். பாம்பு வரும், குப்பை சேரும், பார்வைக்கு அழகில்லை என்று காரணங்கள் சொன்னேன். ஜேசிபி வந்தது, அரை நாளில் வேலை முடிந்தது. அடுத்த மழைக்குப் பின், இயந்திரம் எட்டாத ஒரு மூலையில், வெட்டுண்ட கட்டைகளிலிருந்து கரும்பச்சைத் துளிர்கள் எழுந்தன. அதையும் வெட்டச் சொல்ல எண்ணியபோது, கிராமத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தடுத்தார். "ஐயா, இது முள்ளு இல்ல. வீரை. அதோ அது காரை, இது களா. எங்க அப்பா காலத்துல இங்க பூராவும் இதுதான்" என்றார். சின்ன வயதில் வீரைப் பழம் தின்றதையும் சொன்னார்.

பெயர் தெரியாததால் அழித்தேன் என்பதை அன்று உணர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வாழும் நாம், நம் கால்களுக்குக் கீழே இருந்த காட்டின் வரலாற்றை இன்று சற்றே திரும்பிப் பார்ப்போம்.

காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் வானளாவிய மரங்களே நம் கண்முன் நிற்கின்றன. நம் பகுதியின் இயற்கைக் காடு அப்படிப்பட்டதன்று. தெற்கே இராமநாதபுரம் தொடங்கி வடக்கே நெல்லூர் வரை, சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காடு அது. 1968இல் சாம்பியன், சேத் ஆகிய இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் கொடுத்தனர். ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் நீண்ட வறட்சி. இத்தனை மாத வெயிலில் பிற மரங்கள் இலையுதிர்த்து உயிர் காக்கும். இக்காட்டின் மரங்களோ, தடித்த, தோல் போன்ற சிறு இலைகளைக் கொண்டு ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கும். இவை பெரும்பாலும் உயரம் குறைந்தவைதான். வீரை, உலக்கைப்பாலை, காசான், காட்டு எலுமிச்சை, நாவல் ஆகியவை நெருங்கி வளர, இடையிடையே களா, காரை, சூரை போன்ற முட்செடிகளும் கொடிகளும் பின்னிக் கிடக்கும். இது ஒரு மரத்தின் காடன்று. பலவும் கலந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கும் காடு.

இந்த நிலத்தில் மனிதன் நேற்று வந்தவனல்லன். 1863ஆம் ஆண்டு மே மாதத்தில், புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. மனித வரலாற்றின் மிகப் பெரும்பகுதி இக்காடுகளோடும் ஓடைகளோடும் இணைந்தே கழிந்திருக்கிறது. உழவு விரிந்தபோது இந்த உறவு மாறியது. பல்லவ அரசர்களுக்குக் காடுவெட்டி என்றொரு பட்டப்பெயர் வழங்கியது. காட்டை வெட்டுவது அன்று அரசனுக்குரிய புகழ். குறும்பர்கள் வாழ்ந்த காடுகளை அழித்து உழவர்களைக் குடியேற்றியதாகத் தொண்டைமண்டலத்தில் ஒரு மரபுக் கதை உண்டு. சென்னையில் கலெக்டராயிருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், 1810களில் மிராசு உரிமை பற்றி எழுதும்போது இம்மரபையும் பதிவு செய்தார்.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதிதன்று. யோசுவா 17ஆம் அதிகாரத்தில், இடம் போதவில்லை என்று முறையிட்ட யோசேப்பின் புத்திரரிடம், மலைக்காட்டுக்குப் போய் அதை வெட்டித் திருத்தும்படி யோசுவா சொல்கிறார். அதே வேதத்தின் உபாகமம் 20ஆம் அதிகாரம், போர் நடக்கும் நாளிலுங்கூடக் கனிமரங்களின்மேல் கோடரி வைக்கக் கூடாதென்று எல்லை வகுக்கிறது. வெட்டுவதற்கு ஒரு காலம் இருந்தால், நிறுத்துவதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. நம் முன்னோரும் வெட்டியதோடு நிற்கவில்லை, ஏரி வெட்டினார்கள். ஏரியின் நீர்வரத்துப் பகுதியில் புதர்க்காடு இருந்தது. அங்கே மாடு மேய்ந்தது, விறகும் மூலிகையும் கிடைத்தன. மழைநீரின் வேகத்தைத் தணித்து, மண்ணைப் பிடித்து, ஏரி தூர்ந்துபோகாமல் காத்தது அந்தப் புதர்தான்.

பின்பு வந்த நாட்கள் கடினமானவை. 1763இல் செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த போரும் இச்சீமையின் கிராமங்களைப் பாழாக்கின. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. இரயிலுக்கு விறகு வேண்டும். வளர்ந்துவந்த சென்னை நகரத்தின் அடுப்புகளுக்கும் செங்கற் சூளைகளுக்கும் விறகு வேண்டும். அருகிலிருந்த காடுகளே அதற்கு இரையாயின. அதே 1856இல்தான் ஹ்யூ கிளெக்ஹார்ன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. அதன்கீழ்ச் சில காடுகள் காப்புக்காடுகளாயின. மற்றவை வருவாய்த்துறைக் கணக்கில் தரிசு, மேய்க்கால், புறம்போக்கு என்ற பெயர்களைப் பெற்றன.

அன்பானவர்களே, இந்தப் பெயர்களைச் சற்றே நிதானித்துப் பாருங்கள். தரிசு என்றால் பயனற்றது. புறம்போக்கு என்ற கணக்குச் சொல் இன்று வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அதன்மேல் எதைச் செய்தாலும் அது முன்னேற்றமாகவே தோன்றும். 1870களில் மதராஸ் மாகாணத்தில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் அத்தகைய நிலங்களில் தடையின்றிப் பரவியது. அதையும் வீரையையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத நாம் இரண்டையும் ஒரே சொல்லால் முட்புதர் என்றோம்.

பின்பு தொழிற்சாலைகள் வந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. இதைக் குறையாக எழுத எனக்குத் தகுதியில்லை. மூன்று ஷிப்டுகளிலும் உழைக்கிற உங்கள் காணிக்கையால் கட்டப்பட்டதே நம் ஆலயம். பஞ்சத்தையும் கடனையும் விட்டு இங்கே வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களை நான் அறிவேன். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. அதன் ஆயுள் எட்டு ஆண்டுகள். மெல்ல வளரும் ஒரு வீரை மரத்துக்கு எட்டு ஆண்டுகள் என்பது குழந்தைப் பருவம். 2015 டிசம்பர் முதல் நாளில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரையும் தாம்பரத்தையும் சென்னையையும் மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. அந்த ஆற்றின் ஊற்றுக்கண் நம் பக்கத்திலுள்ள மணிமங்கலம் பகுதியின் ஏரிகளே. அன்று பெய்த மழையை எந்தக் காடும் முழுவதுமாகத் தாங்கியிராது. ஆனால் நீர் இறங்கிச் செல்லும் பாதையில் நாம் செய்வதெல்லாம் கீழே வாழும் அயலானைத் தொடுகிறது என்பதை அந்த நாள் கற்பித்தது.

அப்படியானால் இக்காடு முற்றிலும் அழிந்ததா? இல்லை. அது எங்கே மீந்திருக்கிறது என்று பார்க்கும்போது நமக்கு ஒரு தாழ்மை தேவைப்படுகிறது. இதன் மிகச் சிறந்த எச்சங்கள் பல, கிராமத்துக் கோவில்களைச் சுற்றிய காடுகளில் உள்ளன. புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அதற்குப் பெயர்பெற்ற சான்று. நம் அயலார் பயபக்தியோடு ஒரு கொப்பையும் ஒடிக்காமல் விட்டதால் அந்த மரங்களின் விதைகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. இதை நன்றியோடு ஒப்புக்கொள்வதில் நம் விசுவாசத்துக்கு ஒரு குறைவுமில்லை. கடல் கடந்து எத்தியோப்பியாவின் வட பகுதியைப் பாருங்கள். சுற்றிலும் காடு அழிந்து வயலும் மேய்ச்சலுமான நாட்டில், பழமையான ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களைச் சுற்றி மட்டும் பசுமைத் தீவுகளாகக் காடுகள் நிற்கின்றன. ஆலயம் என்பது கட்டடம் மட்டுமன்று, அதை அணைத்து நிற்கும் காடும்தான் என்று அச்சபைகள் எண்ணின.

நமக்கு அருகிலேயும் ஒரு சான்று உண்டு. 1837இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின், 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டுப் பகுதியில் அமைந்த அதன் வளாகம் இன்று ஏறத்தாழ 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே ஏராளமான மரங்களை நட்டு வளர்த்தனர். பார்ன்ஸ் தாவரங்களின்மேல் கொண்ட ஈடுபாட்டால், தென்னிந்திய மலைச்செடி ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் அதே கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, தாம்பரத்துப் பறவைகளைக் கவனித்து எழுதினார். சுற்றிலும் நகரம் நெருக்கியபோதும் அங்கே புள்ளிமான்கள் இன்னும் உலவுகின்றன. ஒரகடம் சாலை தொடங்கும் வண்டலூரில், சீரழிந்து கிடந்த காப்புக்காட்டில் 1985இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவும் பாதுகாப்பினால் பசுமை திரும்பிய இடமே.

மீட்சியின் பெரிய பாடத்தை ஆரோவில்லில் காணலாம். 1968இல் அது தொடங்கப்பட்டபோது, மழைநீர் அரித்த செம்மண் பொட்டலாகவே அந்த நிலம் கிடந்தது. அங்கு வந்தவர்கள் முதலில் வரப்புகள் எழுப்பி, விழுந்த மழை விழுந்த இடத்திலேயே இறங்கும்படி செய்தனர். விரைந்து வளரும் ஆஸ்திரேலியக் கருவேல் வகைகளை நட்டு நிழல் உண்டாக்கினர். அந்த நிழலில், கோவில் காடுகளிலிருந்து சேகரித்த விதைகளால் நம் மண்ணின் மரங்களை வளர்த்தனர். அங்கே பெற்ற அனுபவமே, சென்னையில் குப்பைமேடாகிக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கரைப் பூங்காவாக மீட்கவும் உதவியது. அது 2011இல் திறக்கப்பட்டது.

இந்த மீட்சி எப்படி நடக்கிறது என்பதே என்னைச் சிந்திக்கவைக்கிறது. இக்காட்டு மரங்களில் பல, வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. ஆடும் மாடும் தீயும் விலகி நின்றாலே போதும், பாதி வேலையை மண்ணே செய்துகொள்ளும். நாம் வெறுக்கிற முட்செடிகளே முதல் காவலர்கள். சூரையின் முள்ளுக்குள் ஆடு வாய் வைக்காது. அதன் கிளையில் வந்தமரும் கொண்டைக்குருவி, எங்கோ தின்ற பழத்தின் விதையை அங்கே விட்டுச் செல்லும். அந்த முள்ளின் காவலில் ஒரு வீரைக் கன்று எழும். நான் சுத்தம் என்ற பெயரில் அகற்றியது அந்தத் தொட்டிலைத்தான்.

யோபு தம் புத்தகத்தின் 14ஆம் அதிகாரத்தில் மனிதனையும் வெட்டுண்ட மரத்தையும் ஒப்பிட்டு, மரத்துக்கு இருக்கும் நம்பிக்கை தனக்கு இல்லையே என்று புலம்புகிறார். அந்த வசனங்களை அடக்க ஆராதனைகளில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அவை ஒரு மரத்தைப் பற்றிய உண்மையான கவனிப்பு என்பதை, நம் ஆலயத்தின் பின்புறத்தில் நின்றபோதுதான் அறிந்தேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: வேர் மண்ணில் மீந்திருக்க வேண்டும். வெட்டுவது வேறு, வேரோடு பெயர்த்துக் கான்கிரீட் போடுவது வேறு.

அடுத்த மாதம் நம் சேகரக் கமிட்டி கூடும்போது, அந்த மூலையில் வண்டி நிறுத்தக் கூரை அமைக்கும் திட்டம் விவாதத்துக்கு வரும். ஞாயிறுதோறும் வண்டிகளை வெயிலில் விட்டு நீங்கள் படும் சிரமம் எனக்குத் தெரியும். அதற்கு முன்வாசல் பக்கத்தில் வேறு இடம் பார்ப்போம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். துளிர்த்த அந்த மூலையையும், அதை ஒட்டிய நம் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தையும் வேலியிட்டு விட்டுவிடுவோம். செலவு அதிகமில்லை. தேவைப்படுவது பொறுமையும், சீமைக் கருவேலத்தை அடையாளம் கண்டு அகற்றும் சில கைகளும்தான். முடிவு உங்களுடையது, உங்கள் முடிவுக்கு நான் கட்டுப்படுவேன்.

அதற்குமுன் இந்த வாரத்தில் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கோ ஆலைக்கோ அருகில் நிற்கும் ஒரு செடியின் பெயரை, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதியாகமத்தில் உயிர்களுக்குப் பெயரிடும் பணி மனிதனிடம் ஒப்புவிக்கப்பட்டது. மறந்துபோன பெயர்களை மீண்டும் கற்பதிலிருந்தே காக்கும் பணியும் தொடங்கட்டும். ஏதேனில் நம்மை வைத்தவர், இந்தச் செம்மண்ணிலும் நம்மை உண்மையுள்ளவர்களாய்க் காண்பாராக. ஆமென்.