கான்ஸலும் கதியற்ற மாலுமியும்

அந்நிய தேசத்தில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனும், நோயில் விழுந்தவனும், பாஷை தெரியாத ஊரில் போலீஸாரிடம் அகப்பட்டுக்கொண்டவனும் தங்கள் நாட்டுக் கான்ஸலின் ஆபீசைத் தேடிப் போவது இன்று சகஜமான காரியம். ஆனால் அந்த உத்தியோகத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், அது துன்புறும் யாத்திரிகனை உத்தேசித்து உண்டானதன்று, கப்பலையும் சரக்கையும் உத்தேசித்து உண்டானது என்பது விளங்கும்.

மத்திய காலத்தில் வெனிஸ் நகரத்தார் அலெக்ஸாந்திரியாவில் நியமித்த கான்ஸல், தம்மவரான வர்த்தகர்களின் வழக்குகளைத் தீர்ப்பதும், அவ்விடத்து அதிகாரிகளிடம் அவர்களுக்காகப் பரிந்து பேசுவதுமே தம் கடமையெனக் கொண்டிருந்தார். வியாபாரத்தின் நிழலில் வளர்ந்த இந்தப் பதவிக்குள் ஏழை மனிதன் ஒருவன் சட்டபூர்வமாக எவ்வாறு பிரவேசித்தான் என்பதற்கு, அமெரிக்கக் காங்கிரஸ் 1792 ஏப்ரலில் இயற்றிய கான்ஸல் சட்டம் நல்ல அத்தாட்சி. கப்பல் உடைந்தோ, நோயுற்றோ அந்நியத் துறைமுகத்தில் கதியற்று நின்ற அமெரிக்க மாலுமிக்குத் தினம் 12 சென்டுக்கு மேற்படாத செலவில் கான்ஸல் ஜீவனம் அளிக்கவேண்டும். தாய்நாடு திரும்பும் அமெரிக்கக் கப்பல்களின் தலைவர்கள் அத்தகையோரை, 100 டன்னுக்கு இருவர் என்ற கணக்குக்கு மேற்படாமல், ஏற்றிச் செல்லவேண்டும். மறுத்தால் ஆள் ஒன்றுக்கு 30 டாலர் அபராதம். இதில் தயை இல்லையென்று சொல்வதற்கில்லை. எனினும், கடல் வாணிபத்தை நம்பியிருந்த ஒரு புதிய குடியரசு தன் மாலுமிகளை அயல் துறைகளில் இழக்க விரும்பாத லாபக் கணக்கும் அதனுள் அடங்கியிருந்தது.

அக்கணக்கில் சேராதவர்களின் நிலைமையை, 1853 முதல் 1857 வரை லிவர்பூலில் அமெரிக்கக் கான்ஸலாக இருந்த நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன் அருகிலிருந்து கண்டார். தம் ஆபீசுக்கு வந்த ஒரு கிழவரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்: 27 வருஷ காலம் இங்கிலாந்தில் அலைந்து திரிந்த அவருக்கு, பிலடெல்பியாவில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது ஒன்றே பிரார்த்தனை. அவர் மாலுமியாக இருந்திருந்தால் சட்டமே கப்பலுக்கு வழி காட்டியிருக்கும். வெறும் நாடோடியானபடியால் கான்ஸலின் கைப்பணத்தையன்றி வேறு போக்கிடம் இல்லை. அங்கே போனாலும் அவரை அறிந்தவர் எவரும் மிஞ்சியிரார் என்று தயங்கிய ஹாதார்ன், கடைசியில் பிச்சையிட்டு அனுப்பினார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1963-ல் வியன்னாவில் கையெழுத்தாகி 1967-ல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை, தன் நாட்டுப் பிரஜை எவராயினும் அவருக்கு உதவுவதைக் கான்ஸலின் பணிகளுள் ஒன்றாக வகுத்தது. கைதான அந்நியன் தன் கான்ஸலுக்குத் தகவல் அனுப்பக் கோரலாம் என்பதைத் தாமதமின்றி அவனுக்கு அறிவிக்கவேண்டும் என்று அதன் 36-ஆவது ஷரத்து விதிக்கிறது. அது தனிமனிதனுக்கே உரிய உரிமை என்று 2001-ல் சர்வதேச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. ஆயினும் இந்த ஷரத்து கட்டுப்படுத்துவது கைது செய்த நாட்டைத்தான். தகவல் கிடைத்த கான்ஸல் புறப்பட்டு வரவேண்டும், பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பவேண்டும் என்ற கட்டாயம் உடன்படிக்கையில் இல்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் அரசாங்கத்தின் மனத்தையும் பொறுத்தது. 1792-ஆம் வருஷத்து மாலுமிக்கு 12 சென்ட் என்று திட்டமாக எழுதிவைத்ததைப் போன்ற உறுதி, இன்றைய யாத்திரிகனுக்கு எல்லா நாடுகளிலும் வாய்த்துவிடவில்லை.