அணைந்த விளக்கு உணர்த்தும் பொருள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கீழ்க்கரை ஊர்களுக்குப் புகையிரதப் பாதை வந்ததில்லை. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை அங்கேயே நின்றுவிட்டது. ஆதலின் இவ்வூரார் கொழும்புக்குப் புகையிரதத்திற் செல்ல விரும்பின், வடக்கே சென்று மட்டக்களப்பில் வண்டி ஏறுதல் வேண்டும். இரவு வண்டி காடும் வயலும் கடந்து விரைகையிற் பயணிகள் உறங்குகின்றனர். அவர்தம் உயிரோ பாதையோரத்துக் கம்பங்களில் எரியும் சிறு விளக்குகளை நம்பியிருக்கின்றது. அவற்றுள் ஒன்று அணைந்துவிடின் யாது நிகழும்? இவ்வினாவுக்குத் தக்க விடை காண்பதற்குப் புகையிரத உலகம் பல்லாண்டு இடர்ப்பட்டது.

இலங்கையில் 1865ஆம் ஆண்டு புகையிரதச் சேவை தொடங்கிய காலத்தில், பிரித்தானியாவில் வழங்கிய முறை இன்றைய முறையன்று. அன்று சிவப்பு ‘நில்’ என்பதையும், பச்சை ‘எச்சரிக்கையுடன் செல்’ என்பதையும், வெள்ளை ‘தடையின்றிச் செல்’ என்பதையும் உணர்த்தின. எளிதாகத் தோன்றும் இம்முறையிற் பெருங்கேடொன்று மறைந்திருந்தது. விளக்கின் முன்னுள்ள சிவப்புக் கண்ணாடி உடைந்து வீழ்ந்தால், உள்ளிருக்கும் சுடர் வெள்ளையாகவே தோன்றும். நிற்கவேண்டிய இடத்தில் ‘செல்’ என்னும் அனுமதி பிறந்துவிடும். அன்றியும் நகரங்கள் பெருகப் பெருக, வீட்டு விளக்கையும் தெரு விளக்கையும் சாரதி கைகாட்டி விளக்கென மயங்கவும் இடமுண்டாயிற்று.

1876ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் இங்கிலாந்தில் அபொட்ஸ் ரிப்டன் என்னுமிடத்தில் நிகழ்ந்த விபத்து இவ்வகைக் கேட்டை உலகறியச் செய்தது. கடும்பனி உறைந்தமையாற் கைகாட்டியின் கை மேலெழாது, ‘செல்’ என்னும் நிலையிலேயே சிக்கிக்கொண்டது. வெள்ளொளியை நம்பி வந்த விரைவு வண்டி நிலக்கரி வண்டியொன்றில் மோதியது. சிதைவின்மீது மற்றொரு வண்டியும் வந்து மோதியது. பழுதுற்ற கருவி அனுமதி கொடுத்தலாகாது என்பதே அவ்விபத்துப் புகட்டிய பாடம். 1890களில் பிரித்தானியப் புகையிரதங்கள் வெள்ளையை நீக்கிப் பச்சையையே ‘செல்’ என்பதன் நிறமாகக் கொண்டன. கம்பி அறுந்தால் எடையின் பாரத்தாற் கை தானாகவே ‘நில்’ நிலைக்குத் திரும்புமாறும் கைகாட்டிகள் அமைக்கப்பட்டன.

கண்ணாடி உடைதற்குத் தீர்வு கிடைத்தது. சுடரே அணைந்துவிடின்? அதற்குக் கருவியும் காவலும் விதியும் ஒருங்கே வேண்டியிருந்தன. மண்ணெண்ணெய் விளக்குகள் ஒரு வாரத்துக்கு மேலாக எரியும்படி திருத்தியமைக்கப்பட்டன. அவற்றைத் துடைத்து, திரி கத்தரித்து, எண்ணெய் வார்ப்பதற்கென்றே விளக்குப் பணியாளர் ஏணிவழியே கம்பம் ஏறினர். விளக்கின் பின்புறத்தே சிறு துளையொன்று உண்டு. கை ‘நில்’ நிலையிலிருக்கையில் அத்துளையின் ஒளியைக் கண்டு, சுடர் எரிகின்றதென நிலையத்தார் அறிந்தனர். தொலைவிலுள்ள விளக்கிற் சுடருக்கு மேலே உலோகத் தகடொன்று பொருத்தப்பட்டது. சுடர் அணைந்து தகடு குளிர்ந்தால் மின்தொடர்பு மாறி, நிலையத்திலுள்ள காட்டி அதனை அறிவிக்கும்.

இவை யாவும் தவறினும் இறுதிக் காவலாய் நிற்பது விதியே. எரியவேண்டிய விளக்கு எரியாவிடினும், நிறவொளிக்குப் பதிலாக வெள்ளொளி தோன்றினும், அக்கைகாட்டி மிகக் கடுமையான கட்டளையையே காட்டுவதாகச் சாரதி கொள்ளவேண்டும் என இந்தியப் புகையிரதங்களின் 1976ஆம் ஆண்டுப் பொதுவிதிகள் கூறுகின்றன. இரவில் விளக்கற்ற கைகாட்டியின் முன் சாரதி வண்டியை நிறுத்துதல் வேண்டும். கை ‘செல்’ நிலையிலிருப்பது ஐயமின்றிப் புலப்பட்டாலன்றி நகர்தல் கூடாது. நகரினும் மெல்லவே சென்று, நிலைய அதிபருக்கு அறிவித்தல் கடமை. இருளில் மறைந்திருக்கும் கைகாட்டி எங்குள்ளதென்பதைச் சாரதி அறிந்திருந்தாலன்றி இவ்விதி பயன்படாது. ஆகவே பாதையின் ஒவ்வொரு வளைவையும் கம்பத்தையும் அவர் மனத்திற் பதித்திருத்தல் இன்றியமையாதது. இலங்கையின் ஒற்றைப் பாதைகளிற் பல்லாண்டு வழங்கிய ‘டப்ளெற்’ முறையும் மற்றொரு காவலாகும். அவ்வட்டைக் கையிற் பெறாத சாரதி அடுத்த நிலையத்தை நோக்கிப் புறப்படலாகாது.

மின்விளக்குக் காலத்திலும் இக்கொள்கை மாறவில்லை. ஓர் இழை எரிந்துபோனால் மற்றோர் இழை ஒளிதருமாறு குமிழ்கள் அமைகின்றன. சிவப்பு விளக்கு முற்றாக அணையின், அதற்கு முந்திய கைகாட்டியே சிவப்பைக் காட்டி வண்டியை நிறுத்தும் அமைப்பும் உண்டு.

நள்ளிரவில் வண்டி காட்டிடையே நின்றுவிட்டாற் பயணிகள் முணுமுணுப்பது இயல்பே. ஆயினும் அத்தாமதத்தின் காரணம் அணைந்ததோர் விளக்காயிருக்கலாம். ‘நேற்றும் அணைந்திருந்தது, கேடொன்றும் நேரவில்லை’ எனச் சாரதி எண்ணத் தொடங்கும் நாளில் நூறாண்டு அனுபவம் வீணாகும். ஒளி இல்லாதவிடத்து அனுமதியும் இல்லை என அவர் நின்ற சில நிமிடங்களே, உறங்கும் நூற்றுக்கணக்கானோர் விடியலிலே தத்தம் ஊர் சேர்தற்குக் கொடுக்கும் விலையாகும்.