முதன்மைக் குருதிச் சிறுதட்டு மிகைப்பு

முதன்மைக் குருதிச் சிறுதட்டு மிகைப்பு (எசென்சியல் திராம்போசைத்தீமியா) என்பது எலும்பு மச்சையில் குருதிச் சிறுதட்டுகள் கட்டுப்பாடின்றி மிகையாக உருவாகும் ஒரு நாட்பட்ட குருதி நோயாகும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுகள் இருப்பது இயல்பு. இந்நோயில் அவ்வெண்ணிக்கை பத்து இலட்சத்தையும் தாண்டக்கூடும். 1934 இல் எமில் எப்சுடைன், ஆல்பிரட் கோடல் ஆகிய இருவரும் இதனை முதலில் விவரித்தனர். "எசென்சியல்" என்னும் அடைமொழி மருத்துவ வழக்கில் காரணம் அறியப்படாதது எனப் பொருள்படும். பெரும்பாலான நோயாளிகளில் காரணமான மரபணு மாற்றம் இன்று அறியப்பட்டுவிட்டபோதிலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

நோயறிதல்

நோயாளிகளில் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வேறு காரணத்திற்காகச் செய்யப்படும் குருதிப் பரிசோதனையிலேயே நோய் வெளிப்படுகிறது. சிலருக்குத் தலைவலி, பார்வைத் தடுமாற்றம், கை கால்களில் சிவந்த எரிச்சல் ஆகியன தோன்றும்.

சிறுதட்டு எண்ணிக்கை உயர்ந்துள்ள பெரும்பாலானோருக்கு இந்நோய் இருப்பதில்லை என்பது முதன்மையாகக் கருதத்தக்கது. இரும்புச்சத்துக் குறைபாடு, நோய்த்தொற்று, நாட்பட்ட அழற்சி, புற்றுநோய், மண்ணீரல் அகற்றம் ஆகியவற்றாலும் எண்ணிக்கை உயரும். இது எதிர்வினை மிகைப்பு எனப்படும். மூலக் காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் தானே குறையும்.

உலக சுகாதார அமைப்பு 2001 இல் 6,00,000 என வைத்திருந்த வரம்பை 2008 இல் 4,50,000 ஆகக் குறைத்தது. எண்ணிக்கை தொடர்ந்து இவ்வரம்பில் அல்லது அதற்கு மேல் இருப்பதுடன், எலும்பு மச்சையில் சிறுதட்டுகளைத் தோற்றுவிக்கும் மெகாகாரியோசைட்டு உயிரணுக்கள் பெருத்தும் மிகுந்தும் காணப்படவேண்டும். நாட்பட்ட மைலாய்டு வெண்புற்று போன்ற பிற மச்சை நோய்கள் விலக்கப்படவேண்டும். ஜாக்2, கால்ரெட்டிகுலின், எம்பிஎல் ஆகிய மரபணுக்களுள் ஒன்றில் மாற்றம் இருப்பது நோயை உறுதிசெய்கிறது. 2005 இல் கண்டறியப்பட்ட ஜாக்2 மாற்றம் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ உள்ளது. கால்ரெட்டிகுலின் மாற்றம் 2013 இல் அறியப்பட்டது. மூன்றும் இல்லாதோரும் உளர். அவர்களிடத்தில் எதிர்வினை மிகைப்பு இல்லை என்பதையோ வேறொரு மரபணு அடையாளத்தையோ நிறுவவேண்டும்.

மச்சைத் திசு ஆய்வைத் தவிர்த்தல் நன்றன்று. மச்சை நார்மயமாதலின் தொடக்க நிலை, குருதிப் பரிசோதனையில் இந்நோயைப் போன்றே தோன்றும். ஆனால் அதன் போக்கு கடுமையானது.

இடர் மதிப்பீடு

நோயாளியை எதிர்நோக்கும் பெரும் இடர் குருதிக்கட்டி ஆகும். இதனால் பக்கவாதம், மாரடைப்பு, ஆழ்சிரைக் குருதியுறைவு ஆகியன நேரலாம். எண்ணிக்கை கூடக்கூட இவ்விடரும் கூடும் என எண்ணுவது இயல்பே. எனினும் ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மாறாக, எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டும்போது சிறுதட்டுகள் வான் வில்பிராண்ட் காரணியை ஈர்த்துக்கொள்வதால் குருதிப்போக்கு ஏற்படலாம். ஆகவே அந்நிலையில் ஆசுப்பிரின் கொடுக்குமுன் அக்காரணியின் செயற்பாட்டை அளந்தறிதல் வேண்டும்.

குருதிக்கட்டி இடரைத் தீர்மானிப்பவை வயது, முன்னர்க் குருதிக்கட்டி ஏற்பட்டமை, ஜாக்2 மாற்றம் ஆகிய மூன்றுமே. முன்னர்க் குருதிக்கட்டி ஏற்பட்டவரும், 60 வயதைக் கடந்த ஜாக்2 மாற்றமுடையவரும் உயர் இடர்ப் பிரிவினர். 60 வயதைக் கடந்தும் மற்ற இரண்டும் இல்லாதவர் இடைநிலையினர். வயதில் இளையவருக்கு ஜாக்2 மாற்றம் மட்டும் இருப்பின் குறைந்த இடர்; மூன்றும் இல்லையெனில் மிகக் குறைந்த இடர். ஆதலால் 14 இலட்சம் சிறுதட்டுகளையுடைய 35 வயதினர் ஒருவர், 6 இலட்சமே உடைய 68 வயதினரைவிடக் குறைந்த இடர்ப் பிரிவில் இருக்கக்கூடும். புகைபிடித்தல், உயர் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியனவும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

மருத்துவம்

மிகக் குறைந்த இடருடையோருக்குக் கண்காணிப்பு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். குறைந்த இடருடையோருக்குச் சிற்றளவு ஆசுப்பிரின் தரப்படுகிறது. உயர் இடருடையோருக்கு அதனுடன் ஐதராக்சியூரியா போன்ற எண்ணிக்கை குறைக்கும் மருந்து சேர்க்கப்படும். 1995 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், உயர் இடருடைய 114 பேருள் ஐதராக்சியூரியா பெற்றோரில் 3.6 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 24 விழுக்காட்டினருக்கும் குருதிக்கட்டி ஏற்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து தவிர்க்கப்படுகிறது. தேவையெனில் இன்டர்பெரான் கொடுக்கப்படும்.

இடர்ப் பிரிவு நிலையானதன்று. ஜாக்2 மாற்றமுடைய ஒருவர் 60 வயதைக் கடக்கும்போது, எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லாமலே உயர் இடர்ப் பிரிவை அடைகிறார்.