இருபது வருடம் காத்திருந்த புத்தகம்



"எங்க தாத்தா ஊர்க் கதையை ஒரு புத்தகமா எழுதணும்" என்று மாலை நடைப்பயிற்சியில் சொல்பவர்கள் நம் வளாகத்திலும் உண்டு. "இன்னும் கொஞ்சம் தகவல் சேரட்டும்" என்று தள்ளிப்போடுபவர்களும் அவர்களேதான். நீங்களும் அப்படி என்றால், டார்வினின் கதை உங்களுக்குத்தான்.

1838இல் சார்லஸ் டார்வினுக்கு வயது 29. மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலைப் படித்தபோது, உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கான விடை அவருக்குப் பிடிபட்டது. 1842இல் அதைப் பென்சிலால் 35 பக்கங்களில் எழுதினார். 1844இல் அது 230 பக்கமாக வளர்ந்தது. "நான் திடீரென்று இறந்துவிட்டால் இதை வெளியிட 400 பவுண்டு ஒதுக்கு" என்ற பொருளில் மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதமும் எழுதிவைத்தார். ஆனால் அச்சுக்கு அனுப்பவில்லை.

ஆதாரம் போதாது என்று நினைத்தார்; எதிர்ப்பு வரும் என்ற தயக்கமும் இருந்தது. 1846 முதல் எட்டு வருடம், கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசுகளை ஆராய்ந்தார். நண்பர் லையல் வற்புறுத்திய பிறகே, 1856இல் ஒரு பெரிய நூலைத் தொடங்கினார். அத்தியாயங்கள் பெருகினவே தவிர, முடிவு தென்படவில்லை.

1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்தது. அதிலும் அதே கருத்து! ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தையும் நண்பர்கள் சேர்த்தே வாசிக்கச் செய்தார்கள். டார்வின் வரவில்லை. சில நாள் முன்புதான் அவருடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்திருந்தது.

அந்த மாதமே அவர் பெரிய நூலை ஒதுக்கிவைத்து, அதன் சுருக்கத்தை எழுத உட்கார்ந்தார். 13 மாதம், 10 நாள் உழைப்பு என்று பின்னர் அவரே கணக்குச் சொன்னார். 1859 நவம்பர் 24 அன்று 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானது. முதல் பதிப்பு 1,250 பிரதிகள். தலைப்பில் 'சுருக்கம்' என்று போட டார்வின் விரும்பினார். பதிப்பாளர் மரே ஒப்பவில்லை.

அந்தப் பெரிய நூலை அவர் கடைசிவரை முடிக்கவே இல்லை. எஞ்சிய கையெழுத்துப் பிரதி 1975இல்தான் அச்சேறியது. உலகம் படித்தது சுருக்கத்தைத்தான்.

இருபது வருடச் சேகரிப்பு வீண் போகவில்லை; நூலின் பலமே அதுதான். ஆனால் நூலைச் சிறிதாக்கத் துணிந்த பிறகே அது முடிந்தது. ஆகவே உங்களையே கேட்டுப் பாருங்கள்: நூறு பக்கம்தான் இடம் என்றால், எதை எழுதுவீர்கள்? அதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று. குறிப்பு நோட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதை இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். எம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் செய்ததும் அதைத்தான்.