தெப்பக்குளம் முதல் அம்மா மண்டபம் வரை

திருச்சிராப்பள்ளிக்கு ஒருநாட் பயணமாக வருவோர் மலைக்கோட்டை ஏறி, திருவரங்கத்தில் அரங்கனைத் தொழுது, பொழுது சாயுமுன் அம்மா மண்டபப் படித்துறையில் சற்றே அமர்ந்து ஊர் திரும்புவர். மலையடியில், தெப்பக்குளத்தின் அருகே உள்ள கிறிஸ்து ஆலயத்தினுள் நுழைவோர் மிகச் சிலரே. ஆனால் அவ்வாலயத்தின் வரலாற்றை அப்படித்துறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

கருநாடகப் போரில் காவிரியே எல்லைக் கோடாயிற்று. தென்கரைக் கோட்டையில் நவாபு முகமது அலியும் ஆங்கிலேயரும்; எதிரே சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். 1752இல் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையுடன் திருவரங்கத் தீவிற்குள் பின்வாங்கினார். திருவரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்கள் பாசறையின் அரண்களாயின. சூன் திங்களில் அவர் சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அதன் பின்னும் போர் ஓயவில்லை. கோட்டை படைவீடாகவே நீடித்தது.

அப்படைவீட்டிற்கு 1762இல் வந்தவர் கிறிஸ்தியன் பிரெடரிக் சுவார்ட்சு. பிரஷ்ய நாட்டில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றவர். நவாபின் அவையினரோடு உரையாடப் பாரசீகமும் பயின்றவர். வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர் பலர் மாண்டபோது, அவர்தம் பிள்ளைகளுக்கென அவர் நிதி திரட்டிப் பள்ளி நடத்தினார். படையினர் உதவியுடன் எழுந்த ஆலயம் 1766 மே 18ஆம் நாள் திறக்கப்பெற்றது. போர் விட்டுச்சென்ற அநாதைகளை நினையாமல் இம்மறைப்பணியின் தொடக்கத்தை எழுத இயலாது. சமயத் தொண்டென்று மட்டும் அதனைக் குறித்துவிட்டுக் கடப்பது குறைபட்ட வரலாறே.

1778இல் சுவார்ட்சு தஞ்சைக்குக் குடிபெயர்ந்தார். 1798இல் அங்கேயே மறைந்தார். சரபோசி மன்னர் அவருக்கெனச் செய்வித்த பளிங்குச் சிற்பமும் தஞ்சையிலேயே உள்ளது. திருச்சியில் பெரிதும் வழங்குவது பிறிதொரு பெயர். கல்கத்தாப் பேராயர் ஈபர் 1826 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் வந்தார். மூன்றாம் நாள் காலை இதே ஆலயத்தில் தமிழில் ஆசி கூறித் திரும்பியவர், குளிக்க இறங்கிய நீர்த்தொட்டியில் உயிர் நீத்தார். தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் பெயரைக் கல்லூரி ஒன்று தாங்கி நிற்கின்றது. மூன்று நாள் விருந்தினர்க்குக் கிட்டிய புகழ், பதினாறு ஆண்டு வாழ்ந்தவர்க்கு இங்குக் கிட்டவில்லை.

அம்மா மண்டபத்தில் இன்றும் நீத்தாருக்கு நீர்க்கடன் இறுக்கின்றனர். ஆடிப் பதினெட்டில் பெண்கள் மஞ்சட் கயிறு மாற்றிக் கொள்கின்றனர். படியில் அமர்வோர்க்குத் தெற்கே மலைக்கோட்டை நன்கு தெரியும். அதன் அடிவாரத்து ஆலயம் தெரிவதில்லை.