ஷல், வில்: ஓர் இலக்கண விதியின் வரலாறு

ஆங்கிலத்தில் முதன்மை வினைக்கு முன் நின்று இயலுமை, இசைவு, கடமை, விருப்பம், எதிர்வு முதலிய பாங்குகளை உணர்த்தும் துணைவினைகளுள் கேன், மே, மஸ்ட், ஷல், வில் ஆகியவை தலையாயவை. அவற்றுள்ளும் இலக்கண நூலாரைப் பெரிதும் அலைக்கழித்தவை ஷல், வில் என்னும் இரண்டே. எதிர்காலத்தைக் கூறும்போது தன்மையில் ஷல்லும், முன்னிலை, படர்க்கை இடங்களில் வில்லும் வர வேண்டும் என்றும், இவ்வொழுங்கு மாறினால் வெறும் எதிர்வு நீங்கி உறுதிமொழியோ ஆணையோ அச்சுறுத்தலோ பொருளாகும் என்றும் வகுத்த விதி, ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளில் பல தலைமுறை மாணவர்களைத் திருத்தியும் தண்டித்தும் வந்தது.

இத்துணைவினைகள் பழைய ஆங்கிலத்தில் தமக்கெனப் பொருளுடைய முழு வினைகளாகவே இருந்தன. ஷல்லின் மூதாதையான சொல் கடன்பட்டிருத்தலையும், கேன் அறிந்திருத்தலையும், மே வலிமை பெற்றிருத்தலையும், வில் விரும்புதலையும் குறித்தன. இவற்றுள் வில் நீங்கலான மூன்றும், இறந்தகால வடிவமே நிகழ்காலப் பொருளுக்கு வந்துவிட்ட ஒரு சிறு வினைக்குழுவைச் சேர்ந்தவை. படர்க்கை ஒருமையில் மற்ற வினைகள் ஏற்கும் 'எஸ்' விகுதியை இவை ஏற்காமைக்கு இதுவே காரணம். வேறு பிறப்புடைய வில்லும் நாளடைவில் இவற்றின் போக்கிலேயே நடந்தது. மஸ்ட்டின் கதை இன்னும் வியப்புக்குரியது: இசைவைக் குறித்த ஒரு வினையின் இறந்தகால வடிவமான அது, தன் நிகழ்கால வடிவம் வழக்கொழிந்த பின் அதன் இடத்தில் அமர்ந்து, இசைவுப் பொருளையும் துறந்து, கட்டாயத்தைக் குறிக்கலாயிற்று. பொருள் இவ்வாறு நகர்ந்துகொண்டே வந்த சொற்களுக்கு நிலையான எல்லை வகுக்க முற்பட்டதில்தான் பின்வந்த சிக்கல்கள் எல்லாம் தோன்றின.

14ஆம் நூற்றாண்டில் விக்ளிஃப் குழுவினர் விவிலியத்தை இலத்தீனிலிருந்து மொழிபெயர்த்தபோது, எதிர்கால வினைகளை மூவிடத்திலும் பெரும்பாலும் ஷல்லாலேயே பெயர்த்தனர். வில் அங்கே விருப்பத்துக்கு உரியதாக நின்றது. இடத்துக்கேற்ப இவை மாறும் என்னும் கருத்து, 1622இல் பிரெஞ்சு பேசுவோருக்காக ஜார்ஜ் மேசன் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. அதைத் தெளிவான விதியாக வகுத்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்தவரும், முடிவிலியைக் குறிக்க இன்றும் வழங்கும் குறியீட்டைக் கணிதத்துக்கு அளித்தவருமான அவர், 1653இல் இலத்தீனில் எழுதி வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், தன்மையில் ஷல் எதிர்வையும் வில் உறுதிமொழியையோ அச்சுறுத்தலையோ காட்டும் என்றும், பிற இடங்களில் இது தலைகீழாகும் என்றும் எழுதினார். அயல்நாட்டார் தடுமாறும் இடம் இது என்று கண்டு, அவர்களுக்கு வழிகாட்டவே அவர் இதை எழுதினார் என்பதை மறக்கலாகாது. தம் காலத்தில், தம்மைச் சூழ்ந்தோரிடம் கண்ட ஒரு போக்கை அவர் சற்று மிகையாக ஒழுங்குபடுத்தினார் என்று சொல்லலாமே தவிர, இல்லாததைப் புனைந்தார் என்று பழிப்பது முறையன்று.

நூற்றாண்டு ஒன்று கடந்தபின் அவ்விதி ஆங்கிலேயரையே நோக்கித் திரும்பியது. பின்னாளில் இலண்டன் பேராயராக விளங்கிய ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட இலக்கணம் அதை எடுத்தாண்டது. வில்லியம் வார்ட் 1765இல் அதை மேலும் விரித்தார். பென்சில்வேனியாவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய லிண்ட்லி மரே, அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்காக 1795இல் எழுதிய இலக்கணம் அட்லாண்டிக்கின் இருகரைகளிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது. அயலாருக்குக் கைகொடுக்கப் பிறந்த குறிப்பு, இவ்வாறு தாய்மொழியாளரின் கல்வித் தகுதியை அளக்கும் சோதனையாயிற்று.

அச்சோதனையில் தோற்றவர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினருமே. அவர்கள் பேச்சில் தன்மையிலும் வில் இயல்பாக வழங்கியதால், நீரில் மூழ்கிய ஒருவர் இடம் மாற்றிச் சொன்ன சொல்லால் 'மூழ்கியே தீருவேன், ஒருவரும் காப்பாற்றக்கூடாது' என்று பொருள்படக் கதறி, கரையில் நின்றோரால் கைவிடப்பட்டதாக ஒரு கதை அவர்கள்மேல் ஏற்றிச் சொல்லப்பட்டது. ஒரு வட்டார வழக்கைப் பிழையென்று காட்ட ஒரு மனிதனின் சாவையே எடுத்துக்காட்டாக்கிய இக்கதை இலக்கண நூல்களிலும் இடம்பெற்றது வருந்தத்தக்கது. 1906இல் ஃபௌலர் உடன்பிறப்பினர் தம் மொழிநடை நூலில் இவ்விரு சொற்களுக்கும் பல பக்கங்களை ஒதுக்கிவிட்டு, தென் இங்கிலாந்தில் பிறந்தோருக்கு இயல்பாக வரும் இவ்வழக்கு பிறருக்கு எளிதில் கைவராது என்னும் கருத்தையும் பதிவுசெய்தனர். கற்பித்தும் வராத ஒன்றை விதி என்பது பொருந்துமா என்னும் வினா அங்கேயே எழுந்திருக்க வேண்டும்.

அவ்வினாவைச் சான்றுகளோடு எழுப்பியவர் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃப்ரைஸ். பிரித்தானிய, அமெரிக்க நாடக உரையாடல்களில் இவ்விரு சொற்களும் வந்த இடங்களை எண்ணிக் கணக்கிட்டு, 1925இல் வெளியிட்ட ஆய்வில், தன்மையிலும் வில்லே மேலோங்கி வழங்குவதை அவர் காட்டினார். ஆயினும் பள்ளி நூல்கள் உடனே மாறவில்லை. பம்பாயில் 1930களில் வெளிவந்து, இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்களும் பயின்ற ரென், மார்ட்டின் இலக்கணத்திலும் பழைய விதியே இடம்பெற்றது. பிரசாத ராவ் திருத்திய பிற்காலப் பதிப்புதான், அவ்வேறுபாடு இன்று பெரும்பாலும் பின்பற்றப்படுவதில்லை என்று சொல்லலாயிற்று. பேச்சில் ஷல் இன்று நிலைத்திருப்பது, உதவவா என்று கேட்பதும் செல்வோமா என்று அழைப்பதும் போன்ற தன்மை வினாக்களில்தான்.

சட்டத்தில் மட்டும் ஷல் தன் தொல்பொருளான கடப்பாட்டை விடாது பற்றியிருக்கிறது. அங்கும் அது ஐயத்துக்கு இடமற்றதாக இல்லை. ஷல்லை உள்ளடக்கிய, 'சட்டப்படி செல்லும்' என்னும் பொருள்தரும் ஒரு மரபுத்தொடர் தன்னளவில் அதிகாரம் தருவதே தவிரக் கடமை விதிப்பதன்று என்று, ஆக்ஸ்ஃபோர்டு பேராயரை எதிர்த்து ஜூலியஸ் தொடுத்த வழக்கில், பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1880இல் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் மாற்றி எழுதப்பட்டபோது, ஷல் பல பொருளுக்கு இடந்தருவது என்று கண்டு அதை நீக்கி, இடத்துக்கேற்ப மஸ்ட், மே, ஷுட் ஆகியவற்றை அமர்த்தினர். இந்திய நீதிமன்றங்களோ சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், சட்டத்தின் நோக்கத்தையும், விதியை மீறினால் வரும் விளைவையும் ஆராய்ந்து, மீறினால் செயலே செல்லாததாகும் கட்டாய விதியா, பெருமளவு பின்பற்றினாலே போதுமான நெறிகாட்டும் விதியா என்று பகுத்துக் காண்பதால், மே என்று எழுதப்பட்ட இடம் ஷல்லாகவும் ஷல் என்று எழுதப்பட்ட இடம் மேயாகவும் படிக்கப்படுவது அங்கே வழக்கமாகிவிட்டது.