புகழின் ஏற்றமும் இறக்கமும்



வரலாறு என்றதும் மன்னர்களின் படையெடுப்பும், பேரரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆடுகளத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கும் எழுச்சியும் வீழ்ச்சியும் உண்டு. அரசர்கள் வீழ்ந்தபோது குடிமக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை ஏடுகளில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆட்ட வீரர் ஒருவர் தளரும்போது மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதையோ நாம் கண்ணெதிரே காண்கிறோம். அம்மக்களுள் நாமும் ஒருவராக இருக்கிறோம். ஆகவே இன்றைய உரைக்கு, இறகுப்பந்து வீராங்கனை பி. வி. சிந்துவின் ஆட்டம் தளர்ந்த ஆண்டுகளையும், அக்காலத்தில் அவரைப் போற்றியவர்களின் மனம் மாறிய வகையையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். கம்பளி நூற்பந்தை மட்டையால் அடித்து ஆடும் பூப்பந்து, 1856-ஆம் ஆண்டளவில் தஞ்சை அரச குடும்பத்தாரின் ஆதரவில் வளர்ந்தது என்று கூறுவது மரபு. அதன் உறவினமான இறகுப்பந்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புனே நகரத்துப் படைமுகாமில் ஆங்கில அதிகாரிகளால் ஆடப்பட்டு, அவர்களுடன் கடல் கடந்து சென்று, இங்கிலாந்தில் பாட்மிண்டன் என்னும் மாளிகையின் பெயரைப் பெற்றது. நம் மண்ணில் ஆடப்பட்ட ஆட்டமாயினும், அதில் நம்மவர் உலகப் புகழ் பெற நெடுங்காலம் ஆயிற்று. பிரகாஷ் படுகோன் 1980-இலும், புல்லேலா கோபிசந்த் 2001-இலும் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றனர். கோபிசந்த், முழங்கால் சிதைந்து அறுவை சிகிச்சை பெற்று மீண்ட பின்னரே அப்பட்டத்தை வென்றார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஐதராபாத்தில் நிறுவிய பயிற்சிக் கூடத்தில் உருவானவரே சிந்து.

சிந்து 1995 ஜூலை 5-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் கைப்பந்து வீரர்கள். தந்தை ரமணா, 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். எட்டு வயதில் மட்டையைக் கையிலெடுத்த சிந்து, பதினெட்டாம் வயதில், 2013-இல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். உலகப் போட்டியின் ஒற்றையர் ஆட்டத்தில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அடுத்த ஆண்டும் அதே பதக்கத்தை வென்றார்.

2016-இல் ரியோ நகரத்து ஒலிம்பிக் போட்டி வந்தது. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் நாட்டுக் கரோலினா மாரினை எதிர்த்து முதற் சுற்றை 21-19 என வென்ற சிந்து, அடுத்த இரண்டையும் 12-21, 15-21 எனத் தோற்றார். வென்ற மாரின் தரையில் விழுந்து அழுதார். தோற்ற சிந்து அவரருகே சென்று எழுப்பித் தழுவிக்கொண்டார். ஒலிம்பிக்கில் வெள்ளி பெற்ற முதல் இந்தியப் பெண் ஊர் திரும்பியபோது ஐதராபாத்தின் தெருக்கள் மக்களால் நிறைந்தன. திறந்த பேருந்தில் ஊர்வலம் நடந்தது. அரசுகள் கோடிக்கணக்கில் பரிசு அறிவித்தன. அன்று தோல்வி என்ற சொல்லை எவரும் உச்சரிக்கவில்லை.

அடுத்த ஈராண்டுகளில் நிகழ்ந்ததைக் கவனியுங்கள். 2017-இல் கிளாஸ்கோ நகரில் உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிராளி ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. 110 நிமிடங்கள் நீண்ட அந்த ஆட்டத்தின் இரண்டாம் சுற்று, 73 அடிகள் கொண்ட ஒரே பந்துப் பரிமாற்றத்தில் முடிந்தது. 19-21, 22-20, 20-22 என்பது முடிவு. சிந்துவுக்குக் கிடைத்தது வெள்ளி. 2018-இல் காமன்வெல்த் விளையாட்டு, உலகப் போட்டி, ஆசிய விளையாட்டு ஆகிய மூன்றிலும் இறுதி ஆட்டம் வரை சென்று வெள்ளியே பெற்றார். ஈராண்டுகளுக்கு முன்பு ஊர்வலம் பெற்றுத் தந்த அதே வெள்ளி, இப்போது குறையாகிவிட்டது. இறுதி ஆட்டம் என்றால் அவருக்கு அச்சம் என்றும், வெள்ளிக்கே பிறந்தவர் என்றும் பேசினர். உலகின் எத்தனையோ நாடுகளின் வீராங்கனையரை வென்றால்தான் இறுதி ஆட்டத்தை அடைய முடியும் என்பதைப் பேசியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பதக்கத்தின் உலோகம் மாறவில்லை; பார்த்தவர்களின் எதிர்பார்ப்பே மாறியிருந்தது.

2019 ஆகஸ்டு 25-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதே ஒகுஹாராவை 21-7, 21-7 என 38 நிமிடங்களில் வென்று, உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார் சிந்து. தம்மை மீண்டும் மீண்டும் வினவியவர்களுக்கு மட்டையால் விடையளிக்க விரும்பியதாக அவர் அன்று கூறினார். பட்டம் பெற்ற மகிழ்ச்சியினிடையே அந்த நினைவும் எழுந்ததென்றால், ஏளனம் அவர் உள்ளத்தை எவ்வளவு அறுத்திருக்க வேண்டும்!

2021 ஆகஸ்டு முதல் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் ஹே பிங்ஜியாவோவை வென்று வெண்கலம் பெற்றார். இரண்டு ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பும் சேர்ந்தது. 2022 ஜூலையில் சிங்கப்பூர்ப் பட்டம். ஆகஸ்டில் பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கம். அந்தத் தங்கத்தை அவர் இடது பாதத்து எலும்பில் ஏற்பட்ட முறிவுடன் ஆடி வென்றார். இங்கேதான் இறக்கம் தொடங்குகிறது. காயத்தால் அவ்வாண்டின் உலகப் போட்டியில் ஆட இயலவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து 2023 ஜனவரியில் திரும்பியவர், மலேசியப் போட்டியின் முதற் சுற்றிலேயே தோற்றார். இந்தியப் போட்டியிலும், மார்ச்சில் அகில இங்கிலாந்துப் போட்டியிலும் அதுவே நேர்ந்தது. 2016 முதல் விடாது காத்துவந்த முதற் பத்து இடங்களை அம்மாத இறுதியில் இழந்தார். ஜூலையில் தரவரிசையில் 17-ஆம் இடத்திற்கு இறங்கினார்.

இவ்விறக்கத்தின் காரணங்களை வரலாற்று மாணவர் போல ஆராய்வோம். உலகத் தரவரிசை என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கு. கடந்த 52 வாரங்களில் ஒருவர் ஆடிய போட்டிகளுள் சிறந்த பத்தின் புள்ளிகள் மட்டுமே கூட்டப்படும். காயத்தால் ஐந்து மாதம் ஆடாதிருந்தால், பழைய புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கழியும்; புதியவை சேரா. முன்வரிசையினர் எட்டுப் பேர் முதற் சுற்றில் ஒருவரோடொருவர் மோதாதபடி அட்டவணை வகுப்பது வழக்கம். அந்த எட்டினின்று வழுவியவர், முதற் சுற்றிலேயே வலிய எதிராளியைச் சந்திக்க நேரிடும்; விரைவில் தோற்பார்; புள்ளி மேலும் குறையும். காயம் ஆறிய பின்னும் இறக்கம் தொடர்வதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் காலத்தின் போக்கு. புகழ்பெற்றவரின் ஆட்டத்தை உலகமெங்கும் ஆராய்கின்றனர். சிந்துவின் பலம் அவருடைய உயரமும், மேலிருந்து பாயும் அடியும். அவரை அடிக்க விடாமல் முன்னும் பின்னும் ஓட வைக்கும் முறையைப் பலரும் கற்றுக்கொண்டனர். 2002-இல் பிறந்த தென்கொரியாவின் ஆன் சே யங் போன்ற இளையோர் எழுந்தனர். பயிற்சியாளர்களும் அடிக்கடி மாறினர். 2023-இல் மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சிலரிடம் சிந்து பயின்றார். அவ்வாண்டு அக்டோபரில் முழங்காலில் காயம் ஏற்பட, மீண்டும் சில மாதங்கள் ஆட்டமின்றி இருக்க நேர்ந்தது.

2024 பாரிசு ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், நம் சென்னையின் மேசைப்பந்து வீரர் சரத் கமலுடன் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவர் சிந்து. டோக்கியோ வெண்கலம் கிடைத்து மூன்று ஆண்டு நிறைந்த அதே ஆகஸ்டு முதல் நாளில், அதே ஹே பிங்ஜியாவோவிடம் 19-21, 14-21 எனத் தோற்று வெளியேறினார். கொடியேந்தியபோது பெருமிதம் கொண்டவர்களுள் சிலர், ஒரு வாரம் கழியுமுன் அவர் ஓய்வு பெற வேண்டும் என்றனர். தோல்வியைக் கண்டு வருந்தியவர்களைக் காட்டிலும், வெற்றி பெறும் வேறொருவரைத் தேடிச் சென்றவர்களே மிகுதி.

அப்போட்டியில் ஒரு காட்சியை நாம் மறத்தலாகாது. அரையிறுதியில் மாரின் முதற் சுற்றை வென்று, இரண்டாம் சுற்றிலும் முன்னணியில் இருக்கையில் முழங்கால் சிதைந்து விழுந்தார். ஹே பிங்ஜியாவோ இறுதி ஆட்டத்திற்குச் சென்றார். பின்னர் வெள்ளிப் பதக்கம் பெற மேடையேறிய அவர், ஸ்பெயின் நாட்டின் சின்னம் ஒன்றைக் கையில் ஏந்தி நின்றார். வீழ்ந்தவரின் அருமையை உடன் ஆடியவர் அறிந்திருந்தார். ரியோவில் மாரினை எழுப்பிய சிந்துவும், பாரிசில் மாரினை நினைந்த ஹே பிங்ஜியாவோவும் ஒரே பண்பின் இரு வடிவங்கள். எதிர் நின்று ஆடியவர்களுக்கு வாய்த்த இப்பண்பு, இருக்கையில் அமர்ந்து பார்த்த நம்மில் பலருக்கு வாய்க்கவில்லை.

தளர்ந்த ஆண்டுகளில் சிந்து சும்மா இருந்தாரா? 2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலம் நகரில் நடந்த ஆசிய அணிப் போட்டியில், இந்திய மகளிர் அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது. இறுதியில் தாய்லாந்தை 3-2 எனத் தோற்கடித்த அவ்வணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் காயம் ஆறித் திரும்பியிருந்த சிந்து. கடைசி வெற்றியைத் தந்தவர் பதினேழு வயதுச் சிறுமி அன்மோல் கர்ப். மூத்தவர் தொடங்கியதை இளையவர் முடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் லக்னோவில் சையது மோடி நினைவுப் பட்டத்தையும், 2025 ஆகஸ்டில் உலகப் போட்டியில் அப்போது தரவரிசையில் இரண்டாமவராக இருந்த சீனாவின் வாங் சியியையும் சிந்து வென்றார். அதற்கு அடுத்த சுற்றில் மூன்று ஆட்டம் ஆடித் தோற்றார். இவற்றை ஊர்வலம் நடத்திக் கொண்டாடியவர் எவரும் இல்லை.

குறை கூறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பாரிசு ஒலிம்பிக்கின்போது, அரசும் சங்கமும் வேண்டிய வசதி அனைத்தும் செய்து தருகையில் முடிவுக்கு வீரர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரகாஷ் படுகோன் வெளிப்படையாகக் கூறினார். அது கடுஞ்சொல்தான். ஆயினும் அவர் ஆடிய காலத்து அனுபவமும், பயிற்சிக் கூடத்தில் உழைத்த உழைப்பும் அச்சொல்லின் பின்னால் நிற்கின்றன. அவ்வாறு இடித்துரைப்பவர் மறுநாளும் பயிற்சிக் கூடத்திற்கு வருவார். ஏளனம் செய்பவர் மறுநாள் வரமாட்டார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் தமிழகத்து வரலாறும் இதற்குச் சான்று தருகிறது. டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை அடைந்தார். 1962-இல் நான்காம் இடத்தவராக மதிக்கப்பட்டுச் சென்றவரைக் கணுக்கால் காயம் வெளியேற்றியது. அத்துடன் அவர் கதை முடிந்ததென்று எண்ணியிருந்தால் 1966-ஐ நாம் கண்டிருக்க மாட்டோம். அவ்வாண்டு கல்கத்தாவில், டேவிஸ் கோப்பைப் போட்டியில், பிரேசிலின் தோமாஸ் கோக்கை எதிர்த்து நான்காம் தொகுதியில் 2-5 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றார் அவர்.

நான் வாழும் குத்தம்பாக்கத்தைச் சூழ்ந்த பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்களில் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியரைக் காண்கிறேன். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸ், 2024 பாரிசு மாற்றுத் திறனாளிகள் ஒலிம்பிக்கில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனிடம் அரையிறுதியில் தோற்றார். தளராமல் அடுத்த ஆட்டத்தை வென்று வெண்கலம் பெற்றார். துளசிமதி வெள்ளி பெற்றார். அச்சிறுவர் சிறுமியருள் சிலர் இவர்களைப் போல உயரக்கூடும். உயர்ந்த ஒவ்வொருவரும் ஒருநாள் தளர்வர். அன்று அவர்களுக்குத் துணை நிற்கும் ஊர் எது?

இக்கேள்வி ஆடுகளத்தோடு முடிவதன்று. நான் ஆசிரியப் பணியில் கழித்த ஆண்டுகளில், எட்டாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவர் பத்தாம் வகுப்பில் பின்தங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உடல்நலக் குறைவோ, வீட்டுத் துன்பமோ, பாடத்தின் கடுமையோ காரணமாக இருக்கும். முன்பு அவரைச் சூழ்ந்திருந்த நண்பர்கள் அப்போது அருகில் இருப்பதில்லை. அத்தகைய மாணவர் மீண்டு வந்ததையும் கண்டிருக்கிறேன். அவர் பக்கத்தில் அமர்ந்து, விட்டுப்போன பாடத்தை உடன் படித்த ஒரு தோழரேனும் இருந்த இடங்களிலேயே அது பெரும்பாலும் நிகழ்ந்தது.

வள்ளுவர் இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது துன்பத்தில் இருப்பவருக்கு உரிய அறம். அருகில் இருப்பவருக்கும் ஓர் அறம் உண்டு. அடுத்த முறை சிந்துவோ, வேறொரு வீரரோ தோற்ற செய்தியைப் படிக்கும்போது, அந்த ஒரு நாளின் புள்ளிக் கணக்கோடு நின்றுவிடாமல், அதற்கு முந்திய பத்தாண்டுகளையும் சேர்த்துப் படியுங்கள். பின்னர் உங்கள் வகுப்பில் இந்த ஆண்டு பின்தங்கியிருப்பவர் யார் என்று பாருங்கள். அவரருகே சென்று அமருங்கள்.